ஊர் பார்க்கப் போன நாள்

முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளையவர்களிடம் சொன்னால் பாதியிலேயே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். போன வாரம் என் தங்கை மகள் ஈப்போவிலிருந்து போன் செய்தாள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறாளாம். "பெரியம்மா, வாண்டுங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டணும். நீங்களும் வாங்கலா, வீட்டுலயே உக்காந்து என்ன பண்றீங்க" என்றாள். எங்கே இறங்குவது, எங்கே சாப்பிடுவது, சின்னவன் தூங்கிப்போனால் யார் தூக்குவது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். கேட்கும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. நடக்க வேண்டுமே என்ற அலுப்பு மட்டும் இல்லை அது. ஊரைக் காட்டுவது என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு உடம்பு ஓய்ந்துபோகும். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். கிள்ளானிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். நான் மூத்தவள், எட்டு வயது இருக்கலாம். எனக்குக் கீழே ஒரு தம்பி, ரயில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறவன். அவனுக்குக் கீழே தங்கை, இடுப்பை விட்டு இறங்காதவள். போன் செய்தவளின் அம்மா அவள்தான்.

அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. வேலை முடிந்து வந்து, கை முழுக்கப் பால் பிசின் ஒட்டியிருக்க, அடுப்பு முன்னால் உட்கார்ந்து அடிக்கடி சொல்வாள். "கப்பல்ல எறங்குனேன். லோரில ஏத்துனாங்க. எறக்கி விட்டப்ப ரப்பர் மரத்தப் பாத்தேன். இன்னிக்கும் அதத்தான் பாக்குறேன். இந்த நாட்டுல வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது." கோபமாகச் சொல்ல மாட்டாள். களைத்துப்போன குரலில், அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்வாள். அதுதான் அப்பாவைக் குடைந்தது.

அப்பா கல்யாணத்துக்கு முன்னால் கோலாலம்பூரை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல் சூளைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். கோலாலம்பூர் அவருக்கு உள்ளங்கை மாதிரி. ஒரு நாள் குச்சியை எடுத்து வாசல் மண்ணில் கோடு போட ஆரம்பித்தார். இது ரயில் ஸ்டேஷன், மேலே அரண்மனை போலக் கூம்பு கூம்பாக இருக்கும். இது மணிக்கூண்டு. இதோ ஏரி, சுற்றிலும் பூச்செடி, புல் மேலே உட்கார்ந்து சாப்பிடலாம். இது செத்த மிருகங்களைப் பஞ்சடைத்து வைத்திருக்கிற வீடு, அங்கே புலி உண்டு. "கடிக்குமா?" என்று தம்பி கேட்டான். "செத்ததுடா" என்றார் அப்பா. "செத்தாலும் கடிக்குமா?" என்றான் அவன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ரயில் ஏறும்போது தம்பி காதில் பஞ்சு வைப்பது. தங்கைக்கு மாற்றுத் துணி எத்தனை எடுப்பது. நடக்க முடியாமல் போனால் தம்பி அப்பா தோளில், தங்கை அம்மா இடுப்பில், நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்வது. எனக்குச் செருப்பு கிடையாது. ஊர்க்காரர்கள் சிரிப்பார்களே என்று அம்மா கவலைப்பட்டாள். சோறு என்ன கட்டுவது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டையே வந்தது. புளிச்சோறு என்று முடிவானது. எதில் கட்டுவது? எங்களிடம் ஒரு நசுங்கிய வாளிதான் இருந்தது.

நம் ஆட்கள் கோலாலம்பூர்ப் பக்கம் போவது தைப்பூசத்துக்குத்தான். பத்துமலைக்குப் போய்விட்டு, மொட்டை போட்டுக்கொண்டு, நேராகத் திரும்பி வருவார்கள். சாமியும் இல்லாமல் சாவும் இல்லாமல், சும்மா பார்க்க ஒரு குடும்பம் லீவு கேட்டுப் போவது என்பது தோட்டத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம். இதை அப்பா யோசித்திருக்க வேண்டும்.

லீவு கேட்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, வெள்ளைக் காற்சட்டை. குரல் உயர்த்தாதவர். ஆபீஸ் வாசலில் அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, புள்ளைங்களுக்கு ஊரு காட்டணும்னு ஆசைங்க. பொண்டாட்டியும் ரொம்ப நாளா கேக்குது."

கிராணி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "ஊருக்கோ? பிள்ளையள் எல்லாரையும் கொண்டோ?"

"ஆமாங்க. எல்லாரும்தான்."

கிராணி அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் அப்படிக் கனிந்து நான் பார்த்ததில்லை. "நல்ல முடிவு. யோசிச்சுத்தான் எடுத்திருக்கிறாய். நான் துரையிட்டச் சொல்லுறன். ஒண்டுக்கும் கவலைப்படாதை" என்றார். எனக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

அப்பா வழியெல்லாம் சந்தோஷமாக வந்தார். ஒரு நாள் லீவுக்கு இவ்வளவு மரியாதையா என்று அம்மாவிடம் பெருமையடித்தார்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஊர் என்றால் ஒரே ஊர்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது. ஊருக்குக் காசு அனுப்புவது, ஊரிலிருந்து சேதி வருவது, ஊரில் போய்க் கண்ணை மூடுவது, எல்லாம் அந்த ஊர். நாம் இருக்கிற இடம் தோட்டம், கிள்ளான் பட்டணம், கோலாலம்பூர் பெரிய பட்டணம். ஆனால் அப்பா வண்டி ஓட்டிய காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் கோலாலம்பூரை ஊர் என்றுதான் சொல்வார்களாம். அந்தப் பழக்கம் அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கிராணியின் காதில் வேறாக விழுந்தது. அதுவும் அந்த நேரத்தில். வேலை குறைந்துவிட்டதென்று வரிசை வீடுகளான ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றத் துரை முடிவு செய்திருந்தார். யார் என்று பொறுக்கும் பொறுப்பு கிராணி தலையில் விழுந்திருந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். சொந்தமில்லை. லயத்தில் அடுத்த வீடு என்றால் சொந்தத்துக்கு மேல். அவளுக்கும் மாமாவுக்கும் என் வயதில் ஒரு பெண். இன்னொன்று வயிற்றில், ஏழு மாதம். வந்தவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க வயித்துல பால வாத்துட்டே. நீ நல்லா இருப்பே" என்றாள். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். பீங்கான் பூச்சுப் பூசிய மூன்றடுக்குத் தூக்கு. பச்சை நிறம், பக்கத்தில் சிவப்பு ரோஜாப்பூ. அவள் வீட்டில் அழகான பொருள் அது ஒன்றுதான். "வழிக்கு வச்சுக்க" என்றாள். அடித்தட்டில் ஒரு கட்டி வெல்லம் கிடந்தது. வெறும் பாத்திரத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, வாங்கினாலும் வெறுமனே திருப்பக் கூடாது என்பது எங்கள் லயத்தில் மாறாத வழக்கம்.

"ஒரு நாள் போறதுக்கு அண்ணிக்கு இவ்ளோ பாசமா" என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். நாங்கள் வெல்லத்துக்கு அடித்துக்கொண்டோம்.

அடுத்து மாட்டுக் கொட்டகைக் கிழவர் வந்தார். கையில் ஒரு துணிப்பொட்டலம். "என் அக்கா மவகிட்ட இதக் குடுத்துரு தாயி. கல்யாணத்துக்கு ஒண்ணும் செய்யல நானு" என்றார்.

"குடுத்துடுறேன் ஐயா. எந்தப் பக்கம் இருக்காங்க?"

"துறையூர்ல எறங்கு. வடக்கால நடந்தா ஒரு பெரிய வேப்பமரம். மரத்துக்கு எதுத்த வீடு."

"கோலாலம்பூர்ல துறையூருன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் அம்மா.

கிழவர் முதலில் சிரித்தார். பிறகு அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீங்க கப்பலுக்குப் போறீங்கன்னுல்ல பேச்சு. நீங்களா போறேன்னதாலதான் பக்கத்து வீட்டுக்காரங்கள விட்டுட்டாங்கன்னு கங்காணி சொன்னாரு" என்றார். அம்மா அந்தப் பொட்டலத்தைப் பிடித்தபடியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வந்ததும் அம்மா அழவில்லை, கத்தவில்லை. நடந்ததைச் சொன்னாள். அப்பா சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். லயத்து வீடுகளை அடைத்திருந்த பலகை கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் தணிந்த குரலில்தான் பேசினார்கள். அப்படியும் எனக்கு எல்லாம் கேட்டது. அத்தைக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.

"போய்ச் சொல்லிட்டா அவங்க போகணும்" என்றார் அப்பா.

"சொல்லாட்டி நாம போகணும்."

"அதுக்கு ஏழு மாசம்."

"எனக்கு மூணு புள்ள." அம்மா தங்கையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். "அங்க எறங்கி எந்த வீட்டுக் கதவத் தட்டுவீங்க? உங்க அப்பா ஆத்தா இல்ல. என் சனம் காலராவுல போச்சு. ஒரு கதவச் சொல்லுங்க, நான் வரேன்."

அப்பா ஒரு கதவும் சொல்லவில்லை.

"நான் கேட்டது கோலாலம்பூரு. ஒரே ஒரு நாளு" என்றாள் அம்மா.

பலகைக்கு அந்தப் பக்கம் எப்போதும் இந்த நேரத்துக்கு அம்மி அரைக்கும் சத்தம் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

விடியும் முன் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்கும் திடலுக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை. தங்கையை மடியில் வைத்துக்கொண்டு நான் அங்கிருந்து பார்த்தேன். அப்பா வரிசையை விட்டு முன்னால் போனார்.

"ஐயா, நான் ஊருக்குப் போறேன்னு சொல்லலீங்க. ஊரு பாக்கப் போறேன்னுதான் சொன்னேன். கோலாலம்பூருங்க."

கிராணி லாந்தரைத் தூக்கி அப்பா முகத்துக்கு நேரே பிடித்தார். கேலி செய்கிறானோ என்று பார்த்திருப்பார். "நீதானே ஊர் எண்டு சொன்னனி?"

"ஆமாங்க. இந்த ஊருங்க."

"இந்த ஊரை ஆரடா ஊர் எண்டு சொல்லுறது?"

வரிசையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கிராணி கேட்டது நியாயமான கேள்விதான். அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்னால், வாளியைப் பிடித்தபடி மாமா நின்றிருந்தார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, கிராணியையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாளியைக் கீழே வைத்தார். இனி இது நமக்கு எதற்கு என்பதைப் போல வைத்தார்.

அன்று மாலை அம்மா தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்க்காமல், "நீயே வச்சுக்க. ஊர் பாக்கப் போறப்ப சோறு கட்டணுமில்ல" என்றாள். அம்மா தூக்கோடு திரும்பி வந்தாள்.

அதோடு அந்தப் பயணத்தைக் கைவிட்டிருக்கலாம். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் கிராணிக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தன் காதில் தப்பாக விழுந்ததற்குப் பரிகாரமாக லீவு வாங்கிக் கொடுத்தார். எந்த நாள் தெரியுமா? கப்பலுக்குப் போகிறவர்களை லோரி ஏற்றிப்போகிற நாள். "லோரி கிள்ளானாலைதானே போகுது. ஸ்டேசனிலை இறங்கிக்கொள்ளுங்கோ. திரும்பி வரேக்கையும் ஏத்தச் சொல்லுறன்" என்றாராம். நல்ல மனிதர்கள் சில நேரம் செய்கிற உதவியைத் தாங்க முடியாது. வேண்டாமென்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. பட்ட அவமானத்துக்குப் பிறகு அவரால் கிராணி முன்னால் இன்னொரு முறை நின்று எதையும் மறுத்திருக்க முடியாது. அவருடைய பெரிய தப்பு ஊர் என்று சொன்னதில்லை, இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆக, ஒரே லோரியில் இரண்டு குடும்பமும் ஏறினோம். அவர்கள் ஊருக்கு. நாங்கள் ஊர் பார்க்க. எங்களுக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. தங்கைக்குக் கண் நிறைய மை. எதிரே அத்தை, ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் மூட்டையையும் பிடித்துக்கொண்டு. அவள் பெண்ணும் நானும் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். "புலியப் பாப்பியா?" என்று அவள் கேட்டாள். "ம்" என்றேன். "கப்பல்ல புலி இருக்காது" என்றாள். அம்மா மடியில் அந்தப் பச்சைத் தூக்கு. அடித்தட்டில் புளிச்சோறு, நடுத்தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு, மேல்தட்டில் அவித்த முட்டை. லோரி குலுங்கக் குலுங்கப் புளி வாசனை எல்லார் மூக்கிலும் ஏறியது. எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினோம். கடைசியாக இறங்கிய அம்மா, தூக்கை லோரிப் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"ஏ புள்ள, தூக்கு, தூக்கு" என்று அத்தை மேலேயிருந்து கூப்பிட்டாள்.

"உங்களுதுதானே அண்ணி. வழிக்கு வச்சுக்குங்க" என்றாள் அம்மா. லோரி கிளம்பிவிட்டது.

கோலாலம்பூரைப் பற்றி என்ன சொல்ல. எல்லாம் அப்பா மண்ணில் போட்ட கோட்டின்படியே இருந்தது. கூம்பு கூம்பாக ஸ்டேஷன் இருந்தது. மணி அடித்தது. தம்பி பஞ்சையும் மீறி அழுதான். புலியைப் பார்க்க மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏரிக்கரைப் புல்லில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். நாங்களும் புல்லில் உட்கார்ந்தோம், சாப்பிட ஒன்றும் இல்லாமல். அப்பா மட்டும் விடாமல் காட்டிக்கொண்டே இருந்தார். அதோ பார், இதோ பார் என்று. அம்மா அவர் காட்டிய பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பினாள். எதையும் பார்த்தாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்காக ஏற்பாடான நாள் அது. அவள் வாழ்நாளில் அதுபோல் இன்னொன்று வரவும் இல்லை.

பசி தாங்காமல் பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பாவுக்குப் பழக்கமான தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மாறிப்போயிருந்தார். பிள்ளைகளுக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தபடி, எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதை அவரும் அம்மாவிடம் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"கிள்ளானுங்க" என்றாள் அம்மா.

"அது இருக்கிற எடம். ஊரு எதுன்னு கேட்டேன்."

"அதான் சொன்னேனே. கிள்ளானு."

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். ஊரைக் கேட்டால் அம்மா இத்தனை காலமும் காலராவில் அழிந்துபோன அந்தக் கிராமத்தின் பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அவளுக்கு இந்த நாட்டின் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். நாங்கள் இங்கே தங்கியதன் விலையை இன்னொருத்தி கொடுத்திருக்கிறாள், இனிமேல் வேறு ஊர் சொல்ல முடியாது என்று நினைத்திருப்பாள்.

இருட்டும் நேரத்தில் கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் லோரி நின்றது. ஏறியபோது பலகைகள் காலியாகக் கிடந்தன. டிரைவர் இறங்கி வந்து, முன் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தத் தூக்கை எடுத்து நீட்டினார். கழுவித் துடைத்திருந்தது. "அந்தம்மா குடுத்து அனுப்புனாங்க. ஊரு பாத்தாச்சான்னு கேக்கச் சொன்னாங்க" என்றார்.

குத்தலாகக் கேட்டாளா, நிஜமாகத்தான் கேட்டாளா என்று எனக்கு அப்போது புரியவில்லை. அம்மாவுக்கும் புரிந்திருக்காது. அவள் தூக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். லோரி கிள்ளானைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் நுழைந்த பிறகுதான் ஒவ்வொரு தட்டாகக் கழற்றினாள். மேல்தட்டு காலி. நடுத்தட்டு காலி. அடித்தட்டில் ஒரு பிடி பச்சரிசி கிடந்தது. கப்பலுக்குக் காத்திருக்கிறவர்களுக்குத் துறைமுகக் கொட்டகையில் அளந்து கொடுத்த அரிசியாக இருக்கும்.

"வெறும் பாத்திரமா அனுப்பல பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அத்தனை நாளும் அழாதவள் அந்தத் தூக்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அவள் பக்கத்தில் வந்து உட்காராமல், லோரியின் மறு கோடியில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போனதும் அம்மா அந்த அரிசியை எங்கள் அரிசிப் பானையில் கொட்டிக் கலந்துவிட்டாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. தூக்கைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.